மாமாவின் தோளும் என் திசைகாட்டியும்

போன மாதம் முதுகுவலிக்கு ஸ்கான் எடுக்கப் போயிருந்தேன். ஆளையே விழுங்குகிற காந்தக் குழாய் அது. உள்ளே அனுப்புமுன் தாதி, "ஐயா, உங்கட உடம்புக்குள்ள ஏதும் உலோகம் கிடக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தோடு நம்பிவிட்டாள். அரச சேவையில் நரைத்துப்போன நான், வெறும் வாய்வார்த்தையை இவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொண்ட அலுவலர் எவரையும் கண்டதில்லை. எங்கள் வீட்டில் இதே கேள்வி எழுந்தபோது முழு விசாரணையே நடந்தது. சாட்சி சொன்னது என் திசைகாட்டி.

அப்போது எனக்குப் பத்து வயது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் குடியிருந்தோம். அப்பா சுங்கக் கந்தோரில் கோப்பு எழுதும் இலிகிதர். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததற்காக, பழைய கப்பல் சாமான் விற்கும் கடையொன்றில் அந்தத் திசைகாட்டியை வாங்கித் தந்தார். பித்தளைக் கூடு, கண்ணாடி மூடி, உள்ளே நடுங்கிக்கொண்டேயிருக்கும் நீல ஊசி. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

வடக்கு எங்கே என்பது ஒரே நாளில் அலுத்துவிட்டது. ஊசியை வடக்கிலிருந்து திருப்புகிறவை எவை என்று தேடத் தொடங்கினேன். அம்மாவின் தையல் மெஷின் திருப்பியது. கிணற்றுக் கப்பி திருப்பியது. குசினியில் அரிவாளுக்கு முன்னால் ஊசி மரியாதையாகத் தலையைத் திருப்பி நின்றது. ஒருநாள் முற்றத்து வெறும் மணலில் ஊசி சுழன்றது. அப்பா நம்பாமல்தான் தோண்டினார். வெள்ளைக்காரன் காலத்துக் கப்பற் சங்கிலித் துண்டொன்று துருவோடு வெளியே வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொல் எடுபட்டது என் திசைகாட்டிக்குத்தான்.

சொல் எடுபடாத ஆளும் எங்கள் வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் துறைமுகத்துக் கன்டீனில் எடுபிடியாக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளில், எரிந்து விழுந்த விமானமொன்று வெடித்துச் சிதறியதாம். அதன் துண்டொன்று இவருடைய வலது தோளுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டதாம். அந்தக் கையை இடுப்புக்கு மேலே தூக்க ஏலாது. கலியாணமும் இல்லை, வேலையும் இல்லை. அப்பாவைப் பொறுத்தவரை மாமா சோம்பேறி, விமானம் அவருடைய மருத்துவச் சான்றிதழ்.

துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்க ஆள் தேடினார்கள். அப்பா மாமாவுக்காகச் சொல்லிவைத்துவிட்டு வந்தார். மாமா ஏலாது என்றார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"எடுத்து வாடா உன்ர திசைகாட்டியை. துண்டு கிடந்தா இவர் வீட்டில இருக்கட்டும், நான் சோறு போடுறன். கிடக்காட்டி நாளைக்கு வேலைக்கு."

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சந்தோஷமாகச் சட்டையைக் கழற்றினார்.

"ஓம் அத்தான், அதுவும் நல்லதுதான். மண்ணுக்குள்ள கிடந்த சங்கிலியையே காட்டினது, என்ர துண்டைக் காட்டாதே?"

பிற்காலத்தில் எத்தனையோ ஒழுக்காற்று விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். அப்பா நடத்தியதில் நடைமுறைக் குறை எதையும் என்னால் காட்ட முடியாது. இரும்புக் கட்டிலிலிருந்து எழுப்பி, மாமாவை முற்றத்தின் நடுவே மரக் கதிரையில் இருத்தினார். அரைநாண் வெறும் நூல்தானா என்று பார்த்தார். தன் சாவிக்கொத்தைக்கூடத் தூரக் கொண்டுபோய் வைத்தார். சாட்சிக்கு எந்தக் கேள்வி விளங்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

தோளில் சுருங்கிய தழும்பின்மேல் திசைகாட்டியைப் பிடித்தேன். ஊசி வடக்கைப் பார்த்தபடியே நின்றது.

"ஆடுதா?" மாமா குனிந்தபடி கேட்டார்.

"இல்லை மாமா."

"கொஞ்சம் கீழ பிடி. மழை நாளில அங்கதான் குத்துறது."

கீழே பிடித்தேன். பக்கவாட்டில் பிடித்தேன். ஊசி அசையவில்லை.

அம்மா குசினியிலிருந்து வந்தாள். "விடுங்கோவன். அவனுக்குக் கை ஏலாதெண்டு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். ஊசிக்குத் தெரியேல்லையே" என்றார் அப்பா.

மாமா இடது கையைப் பின்னால் வளைத்துத் தழும்பைத் தடவினார். தடவியதையே மறுபடி தடவினார். "அப்ப, எனக்குள்ள கிடக்கிறது என்ன?" என்று கேட்டார். அது அப்பாவிடம் கேட்டதா என்னிடம் கேட்டதா தெரியவில்லை. அப்பா தன் சாவிக்கொத்தை எடுக்கப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போனார். விமானக் கதையை அதன்பின் அவர் எடுக்கவேயில்லை.

அடுத்த வருடம் தோப்பூர்ப் பக்கம் வயற்காவலுக்குப் போய், அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். அதற்கும் பிறகுதான் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் காந்தம் படிப்பித்தார். இரும்பை இழுக்கும், செம்பு, பித்தளை, அலுமினியம் எதையும் பொருட்படுத்தாது. விமானங்களைப் பெரும்பாலும் அலுமினியத்தால்தான் செய்வார்கள் என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவன் கெட்டித்தனமாகச் சொன்னான். இத்தனைக்கும் அந்த ஊசி இரவும் பகலும் பித்தளைக் கூட்டுக்குள்தான் கிடந்தது. கூடும் உலோகம்தான், ஊசி அதை ஒருநாளும் கவனித்ததில்லை. நங்கூரமும் சங்கிலியும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, உலோகம் என்றாலே இரும்புதான்.

மாமா தோப்பூருக்குப் போகுமுன் ஒருநாள், அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கத் துறைமுகத்துக்குப் போனேன். மூட்டை சுமப்பவர்களின் வரிசையில் மாமா வந்துகொண்டிருந்தார். மூட்டை இடது தோளில். இடது கை அதைப் பிடித்திருந்தது. பார்த்தாயா, சுமக்கத் தெரிகிறதே என்று எண்ணிக்கொண்டேன். "மாமா!" என்று கத்திக் கையசைத்தேன். நின்று என்னைப் பார்த்தார். சிரித்த மாதிரித்தான் இருந்தது. அவருடைய வலது கை வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி எனக்கு ஒருமுறை அசைக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்துவிடும்? அசைக்கவில்லை, மூட்டையோடு போய்விட்டார்.

மாமாவுக்கு என்மேல் இன்னும் கோபம் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன்.