ஒரு நாளைக்கு ஒரே அம்பு

திருச்செங்கோட்டுக்கு வெளியே நான் வந்த பஸ் பஞ்சராகி நிற்கிறது. எதிரே போர்வெல் ரிக் வண்டிப் பட்டறையில் ஒருவர், தறிக் கழிவு நூல் திணித்த மூட்டையில் வட்டம் வரைந்து வில்லை இழுக்கிறார். நமீபியாவில் போர்வெல் போடுகிறவர். லீவு முடிந்து நாளை கிளம்புகிறார். அங்கே ஒரு பண்ணைக்காரர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"இந்தச் சின்ன வில்லு போதுமாங்க?" எனக்குத்தான் கவலை.

"கை நடுங்காம இழுக்கற வில்லே போதுமுங்க. அம்புதான் கனமா இருக்கோணும். லேசான அம்பு எலும்புல நின்னுட்டா மான் நாள் பூரா துடிக்குமுங்க."

விடுகிறார். வட்டத்துக்கு நாலு விரல் தள்ளிக் குத்துகிறது.

"இன்னொண்ணு உட்டுப் பாருங்களேன்."

"ரெண்டாவது அம்புக்கு மான் நிக்காதுங்க. அதனால ஒரு நாளைக்கு ஒண்ணுதான் உடறது."

வில்லை உறைக்குள் வைக்கிறார். இந்தத் தடவை வேடிக்கை பார்க்க மட்டும் வருவதாகப் பண்ணைக்காரருக்குப் போன் போடுகிறார்.

நானாக இருந்தால், வட்டத்தில் குத்தும்வரை விட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.