போர்டு கிணறு

என் வீட்டுக்காரர் ஜில்லா போர்டு மெம்பர் ஆனதை எங்கள் சேரியில் பலர் நம்பவே இல்லை. சர்க்கார் எங்கள் சாதிக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. கோலார் சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில் எழுதப் படிக்கக் கற்றிருந்ததால் அது அவருக்குக் கிடைத்தது. சேலத்தில் நடந்த முதல் கூட்டத்தில் அவருக்கு மட்டும் நாற்காலி போடவில்லை. நின்றபடியே பேசினார். புதுச்சத்திரம் சாலையோரத்துப் போர்டு கிணற்றில் எங்கள் சனமும் தண்ணீர் சேந்த வேண்டும் என்று கேட்டார். சட்டம் அவர் பக்கம் இருந்ததால் உத்தரவு வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும், "கொடத்த எடு புள்ள, போலாம்" என்றார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. ஊர்க்காரங்க தடியோட நிக்கறாங்க."

"நிக்கட்டும். மெம்பரே சேந்தலைன்னா வேற ஆரு சேந்துவாங்க?"

முதல் குடம் மேலே வந்தபோது, ஒரு பண்ணைக்காரர் முன்னே வந்தார். "மெம்பரெல்லாம் சேலத்தோட வெச்சுக்கடா" என்று சொல்லி, குடத்தைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் கையில் தடியை இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை முகத்தில் மிதித்தார்கள். கிணற்றுக் கயிற்றையே அவர் கழுத்தில் மாட்டிச் சாலைக்கு இழுத்தார்கள். கயிற்றைப் பற்றிக்கொண்டு நானும் புழுதியில் இழுபட்டேன். என் கூந்தலைப் பிடித்தவனின் முன்கையைக் கடித்தேன். வாயெல்லாம் அவன் ரத்தம். அவன் உதறியதில் என் தலை சாலையோரக் கல்லில் மோதியது.

அந்நேரம் நாமக்கல்லிலிருந்து வந்த பஸ் நின்றிருக்காவிட்டால் அவரைக் கொன்றிருப்பார்கள். "வண்டியெல்லாம் ரத்தமாயிருமப்பா" என்று உள்ளிருந்து ஒருவர் முணுமுணுத்தார். "ஆவட்டுமுங்க, கழுவிக்கலாம்" என்று சொன்ன டிரைவர், அவரைத் தானே தூக்கி உள்ளே கிடத்தினார்.

நாங்கள் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று மாலையே சேரிக்குத் தீ வைத்தார்கள். நடக்க முடியாத என் மாமனார் குடிசைக்குள்ளேயே கருகிப்போனார். அடுப்பிலிருந்து பிடித்த தீ என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ஊரில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. வழக்கு நிற்கவில்லை.

கட்டுப் போட்ட கையோடு அவர் அடுத்த கூட்டத்துக்குப் போனார். இந்த முறை ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். அதன் பிறகு கிணற்றடிக்குப் போலீஸ் காவல் வந்தது. நாங்கள் சேந்தினோம். ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று வேறு கிணறு வெட்டிக்கொண்டு அந்தப் பக்கமே வராமல் போனார்கள்.

"செயிச்சுட்டமுங்க" என்று சேரிச் சனம் கொண்டாடியது. அவர் சிரிக்கவில்லை. "தீட்டுன்னு ஒதுங்கிட்டாங்க. இதுல என்னத்தச் செயிச்சம்?" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குள் எங்கள் பிள்ளைகளையும் உட்காரவைக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்கப் புறப்பட்டார். நான் தடுக்கவில்லை. கதிரரிவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.