அவருக்குப் பாய் போட்ட இடம்

புதுக் கறுப்புக் கயிற்றுக்கு ஒரு வாசனை உண்டு. சாயமும் மெழுகும் கலந்து, மண்ணெண்ணெய் மாதிரி மூக்கில் ஏறும். கண்டி நகரில் பூசைச் சாமான் கடையொன்றில் சூடம் வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் கயிற்றுக் கட்டொன்றைப் பிரித்து மேசையில் போட்டார். அவ்வளவுதான். மழை, பஸ்களின் ஹார்ன், பின்னால் நின்றவரின் குடையிலிருந்து என் காலில் சொட்டிய தண்ணீர், எல்லாம் விலகிப்போய்விட்டன. நான் மறியல் சிறைக்குள் இருந்தேன். பெனாயில் மணக்கும் சீமெந்துத் தரையில் ஒரு மனிதருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் எனக்கு வேலை. திங்களும் வியாழனும், வழக்கு முடியாதவர்களை வைத்திருக்கும் விளக்கமறியல் சிறைக்குப் போவேன். புதிதாக வந்தவர்களில் யார் தன் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் அவரை எப்படிக் காப்பது என்று அங்குள்ளவர்களோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சொன்னால் ஒரு வரிதான். செய்யப் போனால், ஒவ்வொரு முகத்திலும் முதல் எழுத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

அன்று திங்கட்கிழமை. வாசலில் கைபேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் காவலர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். திகனக்காரர், முஸ்லிம். தமிழில் பேச அங்கே எனக்குக் கிடைத்த ஒரே சீருடை அவருடையது.

"மிஸ், ஒரு ஆள் ஈக்காரு. கலஹா பக்கம் தோட்டம். முந்தநாள் வந்தவரு, சோத்தத் தொடவே இல்ல."

"வந்தப்ப கேள்வியெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டோம். எல்லாத்துக்கும் இல்லண்டு தலைய ஆட்டினாரு. ஆனா மிஸ், அந்த ஆள்ற மொகம் எனக்குப் புடிக்கல்ல."

"ஒங்களுக்கு யாரு மொகந்தான் புடிச்சிருக்கு?"

"உங்கட மொகமும் இண்டைக்கு அவ்வளவு சரியில்லதான். டீ ஒண்டு குடிச்சிட்டுப் போங்க."

டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். உள்ளே வருகிற அன்று, பின்னால் வரிசை நிற்கிறது. முன்னால் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய நோய், குடிக்கிற மருந்து, சாகும் எண்ணம், வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால், அந்த இடத்தில் நின்று யார் ஆம் என்பார்?

சாப்பிடவில்லை என்பதால் காலையிலேயே அவரைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். நாலு சுவர், மேலே ஒரு விளக்கு, வேறொன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர். மூலையில் குந்தியிருந்தார். தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தி யாருடையது என்று தம்பியோடு வாய்ச்சண்டை. அது கைச்சண்டையாகி, மண்வெட்டிப் பிடியால் தம்பியின் தலையில் அடித்துவிட்டார். தம்பி ஆஸ்பத்திரியில். இவர் இங்கே.

நான் தரையில் உட்கார்ந்தேன். பெயர் கேட்டேன், சொன்னார். ஊர் கேட்டேன், சொன்னார். இடது கை மட்டும் சாரத்தின் இடுப்பை இறுகப் பிடித்தபடியே இருந்தது. சாரமோ நன்றாகத்தான் கட்டியிருந்தது, அவிழ்ந்து விழும் கட்டல்ல. பிறகேன் அந்தப் பிடி? பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் மஹய்யாவ வீட்டில், இறந்துபோன அப்பாவைக் குளிப்பாட்டத் தூக்கிய அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. பெரியப்பா பிளேடால் அப்பாவின் அரைஞாணை அறுத்தார். அத்தனை வருடக் கயிறு கிடந்த இடத்தில், இடுப்பைச் சுற்றி, வெயில் படாத வெளிர்த் தடமொன்று தெரிந்தது.

"அரணாக்கயித்த அறுத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் முதன்முதலாக என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க மிஸ். வந்த ஒடனேயே." பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டு, "பொணத்துக்குத்தானே மிஸ் அறுப்பாங்க," என்றார்.

உள்ளே வருகிறவர் உடம்பில் கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்பது ஒழுங்கு. அந்த ஒழுங்கு சரியானது. நானே அந்த வரவேற்பு மேசையில் இருந்தாலும் கழற்றச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு சொல் சொல்லாமல், இது எதற்கு என்று விளக்காமல், வரிசையில் நிற்க வைத்து நறுக்கென்று வெட்டியிருக்கிறார்கள். உயிரைக் காக்கச் செய்த காரியம் அவரைப் பாடையில் கிடத்திவிட்டது.

"அது எங்க மிஸ் இருக்கு?"

எழுந்து போய்க் காவலரிடம் கேட்டேன். அவர் மேசைக்கடியிலிருந்த குப்பை வாளியைப் பார்த்தார். அது கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"குப்ப போய்ட்டே மிஸ். நகையெண்டா உறையில போட்டு வெப்போம். இது கயிறுதானே." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் மிஸ், என்னமும் பெரிய விசயமா?" என்றார்.

"பெரிய விசயந்தான்."

திரும்பி நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தில், பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிடத்தான் மனம் ஓடியது. சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்து நான் கேட்கவிருந்த கேள்விக்கு அவரிடமிருந்து உண்மையான பதில் வேண்டும். பொய்யைக் கொடுத்து அதை வாங்க முடியாது.

"வீசிட்டாங்க," என்றேன். "சொல்லாம அறுத்தது தப்பு. இப்ப வேற கயிறு தரவும் முடியாது, அதையும் சொல்லிடுறேன். வெளிய போற அன்னிக்கி நீங்களே புதுசு வாங்கிக் கட்டிக்கலாம்."

"நீங்களாச்சும் நெசத்தச் சொன்னீங்க," என்றார். கை இடுப்பிலேயே இருந்தது.

"ஒங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எண்ணம் ஏற்கனவே அங்கே குந்திக்கொண்டுதான் இருக்கிறது. நாம் கேட்டால் அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் கிடைக்கும்.

"சாகணும்னு இல்லங்க மிஸ். செத்தாச்சி. மிச்சத்த முடிக்கணும், அவ்வளவுதான்."

எப்போது, எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அறையை விட்டு வந்தபோது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது: இந்த மனிதரை இந்த மூலையில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறப் போவதில்லை.

பிரதான ஜெயிலரின் அறைக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். அவரைத் தனி அறையிலிருந்து பொது வார்டுக்கு மாற்றக் கேட்டேன். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"வெறும் அறை," என்றார் அவர். "உள்ளே ஒன்றுமே இல்லை. அங்கே இருந்தால்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்."

"நீங்கள் தூங்குவீர்கள் சேர். அவர்?"

"பொது வார்டில் நூறு கண்ணிருக்கும், ஒன்றும் பார்க்காது. ஏதாவது நடந்தால் உங்களையா கூப்பிட்டு விசாரிப்பார்கள்?"

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயந்திருந்தார், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. ஆகவே அதைத் தள்ளிவிடாமல் அதனோடேயே பேசினேன். பாயைக் காவலரின் மேசைக்கு நேரே போடுவோம். ஆபத்தான பொருள்களை அந்தப் பக்கத்திலிருந்து அகற்றுவோம். இரவில் காவலர் குறிப்பிட்ட நேரத்துக்கு வராமல், முன்பின்னாக வந்து எட்டிப் பார்க்கட்டும். நாளைக் காலை மனநல வைத்தியரை நானே அழைத்து வருகிறேன். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் படுக்கட்டும், அவர் சம்மதித்தால்.

"முடியாது," என்றார். தொலைபேசியை எடுத்தார், வைத்தார், ஒரு கோப்பைத் திறந்தார், மூடினார். நான் அசையவில்லை.

"உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?"

"இருக்கிறது சேர். நீங்கள் சம்மதித்ததும் போய்விடுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காவலரைக் கூப்பிட்டேன்.

பக்கத்துப் பாய்க்குச் சம்மதித்தவர் எங்கள் மஹய்யாவக்காரர். அடிதடியில் உள்ளே வருவதும் போவதுமாக இருப்பவர், வாய் ஓயாது. "இவருக்கு என்ன செய்யணும் மிஸ்?" என்று கேட்டார். காவல் வேலை அவருடையதல்ல, அது உத்தியோகத்தர்களின் பொறுப்பு என்றேன். பேச்சுத் துணையாக இருங்கள், ஏதாவது கண்ணில் பட்டால் உடனே சத்தம் போடுங்கள் என்றேன். "சத்தம் போடுறது எனக்குப் பழக்கந்தான்," என்றார்.

புறப்படுமுன் கலஹாக்காரரிடம் கேட்டேன்: "தம்பிய நான் போய்ப் பாக்கட்டுமா? ஏதும் சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவனுக்குக் கண்ணு தெரியுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

மாலையே ஆஸ்பத்திரியில் தம்பி இருந்த வார்டுக்குப் போனேன். தலையில் கட்டோடு தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். யார் அனுப்பி வந்தேன் என்று சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சரி, இவ்வளவுதான் என்று நான் எழுந்தேன். அப்போது சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லுங்க. அடிச்ச நாயி திங்குதா?"

மறுநாள் வைத்தியரை அழைத்துக்கொண்டு போனபோது, அந்தச் சொற்களை அப்படியே, நாயையும் விடாமல், அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் முகத்தைச் சாரத்தில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இடுப்பைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று நான் கவனிக்கவில்லை. மத்தியானம் பருப்புச் சோற்றில் பாதி போனது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வியாழன் மறுபடி சாப்பாட்டைத் தள்ளினார். வழக்குத் தவணை தள்ளிப்போனபோது இரண்டு நாள் பேசவில்லை. தனி அறைக்கு அனுப்பலாமா என்று ஜெயிலர் மறுபடி கேட்டார். நான் மறுபடி கதிரையில் உட்கார்ந்தேன். வரவேற்பு மேசையில் மட்டும் ஒன்று மாறியது: எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கழற்றி, உறையில் போட்டு, பெயர் எழுதி வைக்கிறார்கள். திகனக்காரர் கடமையில் இல்லாத நாட்களில் சில வேளை மறந்தும்போகிறது. போகும்போதெல்லாம் நினைவூட்டுகிறேன்.

பூசைச் சாமான் கடையில் நின்றபோது என் காதில் கேட்டது ஒரு வியாழக்கிழமைப் பேச்சு. அவரும் மஹய்யாவக்காரரும் நானும் அந்தப் பாயருகில் இருந்தோம்.

"மிஸ், இவருக்கு ஒண்ணும் இல்ல," என்றார் மஹய்யாவக்காரர். "சாகப் போற மனுசன் இப்பிடியா கொறட்டை விடுவான்? நாந்தான் தூக்கமில்லாம சாகுறேன்."

"வாய மூடுடா," என்றார் இவர்.

நான் இவரைப் பார்த்துக் கேட்டேன்: "இன்னைக்கி எப்பிடி? சாகணும்னு தோணுதா?"

யோசித்தார். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

"விடியக்காலைல தோணுச்சி மிஸ். இவன்கிட்ட சொன்னேன். இப்ப இல்ல."

"நான் இனித் திங்கக்கெழமதான் வருவேன். அது வரைக்கும்?"

"போய்ட்டு வாங்க மிஸ்," என்றார். "திங்கக்கெழம வந்து கேளுங்க. நான் சொல்றேன்."