அலையில்லாத கடலுக்குப் போன நாள்

அம்மா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது அவரும் கூட வந்தார். ஒரு கையில் சூட்கேஸ், மறுகையில் எனக்கு மிக்சர் பொட்டலம். புதுக்கோட்டையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் அவருக்கு வேலை. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இலுப்பூர்ப் பக்கம் இருந்த அப்பா வீட்டாருக்கு அம்மா இதைச் சொல்லவில்லை. சித்திரை கழியட்டும், சித்திரை கழியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்கென்னவோ ஊர் முழுக்கத் தெரிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. வகுப்பில் ஒருத்தி, "ஒங்க வீட்டுல புது மாப்பிள்ளையாமே?" என்று கேட்டதிலிருந்து சத்துணவு வரிசையில்கூடக் கடைசி ஆளாகப் போய் நின்றேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே காலம் தள்ளினேன். ஏதாவது வேண்டுமானால் அவர் கண்ணில் படுகிற மாதிரி போய் நிற்பேன். "என்ன பாப்பா?" என்று அவராகக் கேட்பார்.

முழுப்பரீட்சை லீவில் எங்காவது போகலாம் என்றார். நான் மனதுக்குள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்க்கொண்டிருந்தபோது, மீமிசலுக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது என்றார். ஐஸ் கம்பெனி மோட்டாரைக் கழற்றப் போனபோது பார்த்தாராம்.

"மணலு கோலமாவு கணக்கா அம்புட்டு வெள்ளை. ஈ காக்கா இருக்காது. ரூம் எல்லாம் வேணாம், காலையில போயிட்டுப் பொழுது சாய வந்துரலாம்."

விடிவதற்கு முன்பே அம்மா புளிச்சோறு கிளறிவிட்டாள். குடிக்கத் தண்ணீரும் வீட்டிலிருந்தே வந்தது. எங்கள் உல்லாசப் பயணத்துக்குக் கைக்காசு போட்டு வாங்கியது பஸ் டிக்கெட் ஒன்றைத்தான்.

அறந்தாங்கியில் மாறி ஏறிய பஸ்ஸில் நெரிசல். மூன்று பேர் சீட்டில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் வந்து, "பாப்பாவை அப்பா மடியில வச்சுக்கங்க சார், பெரியவங்க நிக்கிறாங்க" என்றார். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. விருட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவரும் எழுந்து, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். அப்புறம் என் பின்னால் வந்து நின்று, பஸ் குலுங்கும்போதெல்லாம் என் மேல் படாமல் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து அணை போட்டார். ஆவுடையார்கோவில் தாண்டியும் நான் உட்காரவில்லை.

மணல் அவர் சொன்ன மாதிரியே இருந்தது. கடல்தான் ஏமாற்றிவிட்டது. அலையே இல்லை. எங்கள் ஊர்க் குளத்தில்கூடக் காற்றடித்தால் கொஞ்சம் அசையும். எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. ஆனால் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து நடந்து சிரித்தாள். அவர் ஒரு கை தண்ணீர் அள்ளி அவள் மேல் தெளித்தார். "ஏங்க, சும்மா இருங்க" என்று அவளும் அள்ளித் தெளித்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளைத் தவிர ஒன்றுமில்லை. அப்படியும் எனக்கு வெட்கமாக இருந்தது.

வெயில் ஏறியதும் சவுக்கு மரத்தடியில் துண்டை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். பாதி சாப்பிட்டிருப்போம். கோயிலுக்குப் போய்விட்டுக் கடல் பார்க்க வந்த வேன் ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண்களில் ஒருத்தி நெற்றியில் கையை வைத்து எங்களை உற்றுப் பார்த்துவிட்டு நேராக வந்தாள். அப்பாவின் அக்கா. என் பெரிய அத்தை.

"ஏ, நீயா? பிள்ளைய இழுத்துக்கிட்டு இங்கிட்டு என்ன செய்யிற?"

அம்மாவின் கை தானாகப் போய் சேலைத் தலைப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டது. "மதினி" என்றாள்.

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "சரிங்க, பஸ்ஸு அங்கிட்டுதான் நிக்கும். நான் வாரேன்" என்று வழி சொன்ன ஆள் மாதிரி அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடற்கரையோரமாக நடக்க ஆரம்பித்தார்.

அத்தை துண்டின் மேலிருந்த மூன்று இலைகளைப் பார்த்தாள். "யாரு அது?"

"தெரியல மதினி. வழி கேட்டோம்."

எச்சில் கையோடு அம்மா அப்படிச் சொன்னதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. குனிந்த இடத்தில் அவருடைய செருப்பு கிடந்தது.

உச்சி வெயிலில் அந்த வெள்ளை மணல் அடுப்புச் சாம்பலாகக் கொதிக்கும். அவர் கால் மாற்றி மாற்றிக் குதித்துக் குதித்துப் போனார். வேனில் வந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "அந்தாளு என்ன, கோழி கணக்கா போறாரு" என்றாள் ஒருத்தி. இத்தனை நாள் அவரோடு சேர்த்துப் பார்க்கப்படுவதற்கே கூசிக் கிடந்த எனக்கு அந்தச் சிரிப்பு ஏன் பொறுக்கவில்லையோ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இந்தாங்க" என்று நீட்டினேன்.

அவர் எனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார். "இது என் செருப்பு இல்லியே பாப்பா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு மெதுவாக, "போ தாயி. அம்மாகிட்ட போ."

"சுடலையா?"

"சுடலை" என்றார், ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் வைத்துக்கொண்டு.

முன்னால் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். என் கையிலிருந்த செருப்பை வாங்கினாள். எல்லோரும் பார்க்க, குனிந்து அவர் காலடியில் வைத்தாள். குனிந்ததில் புது மஞ்சள் கயிறு வெளியே வந்து தொங்கியது. அவள் அதை உள்ளே போடவில்லை.

"போட்டுக்கங்க" என்றாள்.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. கடலுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றால் அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். நான் படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை அங்கேயே என்னைத் தேடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று முகத்தை முழங்காலில் புதைத்தேன். அவள் இடுப்புச் செருகலிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"கோயில் குங்குமம். ஒங்க ஆத்தாகிட்ட குடு."

அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்து வேனில் ஏறிக்கொண்டாள். வேன் போய்விட்டது.

பொட்டலத்தைக் கொடுத்ததும் அம்மா அதை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பஸ்ஸிலும் அழுகை நிற்கவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா தாலி கட்டியபோது பின்னால் நின்று முடிச்சுப் போட்டவள் அந்த அத்தைதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்பா போன பிறகு ஒரு வீட்டில்கூட ஒருவரும் அம்மாவிடம் குங்குமத்தை நீட்டியதில்லை என்றும் தெரியாது. அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டாள், அதற்குத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "அழாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டு வந்தேன்.