கம்பைநல்லூர் அருகே ஒரு தண்ணி மில்

காலை ஏழரைக்குத் தருமபுரியில் பேருந்து ஏறினேன். மழை விட்ட மறுநாள். வழியெங்கும் ஏரிகள் நிரம்பியிருந்தன. நான் கிளம்பியதும் அதனால்தான். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அறிமுகமான விவசாயி பெருமாள், தன் நிலத்தில் தண்ணீரால் ஓடிய பருத்தி மில் இருப்பதாகவும், ஏரி நிரம்பியதும் ஓட்டிப் பார்க்கப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

கம்பைநல்லூரில் பைக்குடன் காத்திருந்தார். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். போகும்போதே கதையைச் சொன்னார். தாத்தா கட்டிய மில். வாய்க்கால் சக்கரத்தைச் சுழற்றும். அது உள்ளேயிருக்கும் உருளைகளைச் சுழற்றும். அவை பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும். பருத்தி வண்டிகள் வரிசையில் நிற்குமாம். ஓர் ஆண்டு ஆயுத பூசைக்கு நிறுத்தினார்கள். அதன்பின் மழை பொய்த்து ஏரி வறண்டது; மறுபடி தண்ணீர் வந்தபோது ஊரில் கரண்டு மில் வந்துவிட்டது.

"இன்னைக்குச் சுத்தலைன்னா இடிச்சிடுவாங்க" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"வூட்லதாங்க."

அவர் மனைவி செல்விக்கு அந்த இடத்தில் பட்டுப்புழு ஷெட் போட வேண்டும். இன்று சக்கரம் சுற்றினால் மில், இல்லையென்றால் ஷெட் என்று இருவருக்கும் பேச்சு.

பத்து மணிக்கு மதகைத் திறந்தார். புதுப் பலகைகள் பொருத்திய ஆள் உயரச் சக்கரத்தில் தண்ணீர் மோதியது. சக்கரம் நடுங்கியது, சுற்றவில்லை. பெருமாள் எண்ணெய் விட்டுத் தள்ளினார். நானும் தள்ளினேன்.

"தள்ளி வுடறதுக்கு டவுன்லருந்து ஆளா?" என்றார் செல்வி, கரையில் நின்றபடி.

பெருமாள் உள்ளே போய், அச்சை ஒட்டியிருந்த ஒரு புடைப்பின்முன் கற்பூரம் ஏற்றினார். அது மில் சாமியாம். ஆயுத பூசைதோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள். பூச்சு விரற்கடை கனத்துக்கு ஏறியிருந்தது. பின்னாலேயே வந்து கும்பிடக் குனிந்த செல்வி, ஏதோ தோன்றி நகத்தால் சுரண்டினார். மரம் தெரிந்தது. கடைசியாக நிறுத்திய அந்தப் பூசை நாளில் யாரும் மில்லை ஓட்டிவிடக் கூடாதென்று அச்சுக்கும் சுவருக்கும் நடுவே அடித்த ஆப்பு. அதைக் கழற்றவே இல்லை.

"இத்தன வருசமா ஆப்புக்கா பொட்டு வெச்சிட்டு இருந்தோம்?" என்ற செல்வி, தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சுத்தியலால் அவரே தட்டிக் கழற்றினார்.

சக்கரம் முனகியது, அரைச் சுற்று வந்தது, பிறகு நிற்கவில்லை. மூவரும் நனைந்தோம். பெருமாள் ஒரு கை பருத்தியைப் போட்டார்; உருளைக்கு இந்தப் பக்கம் கொட்டை விழுந்தது, அந்தப் பக்கம் பஞ்சு பறந்தது. பெருமாள் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பாக்கறீங்க? ஷெட்ட கெழக்கால போட்டுக்கலாம். பருத்தியப் போடுங்க, தண்ணி சும்மா போவுது."

மாலை நான்கரைக்குத் திரும்பினேன். எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டாராவது இரைந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். அங்கே மில் ஓடிய சத்தம் கேட்டு வயலில் இருந்தவர்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.