சாரலில் முடியாத அப்டேட்

சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் படித்தவர்கள் பஸ்ஸில் பார்த்தால் இப்போதும் எழுந்து இடம் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவளின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரே ஒரு அப்டேட்டை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் எப்படி இருக்கும்? எனக்குச் சாதாரணமாகவே கோபம் மூக்குக்கு மேல் வரும்.

வேறு சமயமாக இருந்தால் போய்த்தொலை என்று விட்டிருப்பேன். ஆனால் மகன் ராணுவத்தில், எங்கோ ஒரு மலைமேல் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவனுக்குப் பேச வாய்க்கும். என் வீட்டுக்காரர் போலீஸ் வேலையில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு காது ஏறக்குறையப் போய்விட்டது. காது மிஷின் மாட்டினால் இரைகிறது என்று கழற்றி வைத்துவிடுவார். போனின் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. கம்ப்யூட்டரின் பெரிய திரை என்றால் மகனின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்.

அந்தப் பேச்சு சில வாரங்களாக நின்றுபோயிருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்தால்தான் திறப்பேன் என்று வீடியோ செயலி ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனில் பேசுவேன், அவர் பக்கத்தில் அமர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன சொல்லுதான்?" என்பார். நல்லா இருக்கானாம் என்பேன். அரைமணி நேரப் பேச்சு அந்த ஒரு பதிலோடு முடிந்துவிடும். அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது அருவிகளில் தண்ணீர் விழும் சீசன் நேரம் வேறு. மேலகரத்தில் வீடு இருந்தால் சாரல் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். கூட்டம் சேருமுன் ஐந்தருவியில் குளித்துவிட வேண்டும் என்று தினமும் காலையில் ஆட்டோவில் கிளம்புவோம். அப்டேட்டுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. கிளம்பும்போது தொடங்கிவிட்டால், தலை துவட்டிக்கொண்டு வரும்போது முடிந்திருக்கும் அல்லவா?

முடியவில்லை. ஈரத்தலையோடு வந்து பார்த்தால், அப்டேட் தோல்வி, செய்த மாற்றங்களை நீக்கிக்கொண்டிருக்கிறோம், கணினியை அணைக்க வேண்டாம் என்று திரை புத்தி சொன்னது. மறுநாளும் அதே கதை. இடம் போதவில்லையோ என்று கல்யாண வீடியோக்களைப் பென் டிரைவுக்கு மாற்றினேன். பாதியில் நின்ற கோப்புகளை அழித்து முதலிலிருந்து இறக்கினேன். பிரிண்டரைக் கழற்றினேன், வைரஸ் தடுப்பை நிறுத்தி வைத்தேன். திரை காட்டிய பிழை எண்ணை இணையத்தில் தேடினால், அதே எண்ணை வைத்துக்கொண்டு பல ஊர்க்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு பிரிட்ஜில் வைத்த தோசை மாவும் அந்த வாரம் சீக்கிரமே புளித்தது. உளுந்து கொடுத்த கடைக்காரரையும் சேர்த்துத் திட்டினேன்.

ஒருநாள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு மாற்றுச் சேலையை மறந்தது நினைவுக்கு வந்தது. இறங்கித் திரும்ப நடந்தேன். எங்கள் வீட்டில் கடைசியாகக் கிளம்புகிறவர் என் வீட்டுக்காரர்தான். பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அன்று முன்பக்கச் சுவரில் மீட்டர் பெட்டிக்கு எதிரே எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கை மெயின் சுவிட்சில் இருந்தது. கீழே இழுத்தார். ஜன்னல் வழியே தெரிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரின் நீலத்திரை பட்டென்று இருண்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எதிரே போய் நின்று கத்தினேன். ஒரு வாரமாக நான் பட்ட பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ஆட்டோவில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கி நிறுத்திய பிறகுதான் பேசினார்.

"எதுத்த வீட்டு டிவி இடியில போச்சுல்லா? இது அவன் வருத பெட்டில்லா. போயிறக் கூடாதேன்னுதான் அமத்துதேன்."

எதிர்வீட்டு டிவி போனது கோடை மழையில். சாரலில் இடி ஏது? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த அவருக்கு அது தெரியாதா? தெரியும். பயம் அதையெல்லாம் கேட்பதில்லை. குளித்துவிட்டு வந்ததும் முதல் ஆளாகப் போய் மெயினைப் போட்டுவிடுவார். கரண்ட் வந்தால் கம்ப்யூட்டர் தானாக ஓடத் தொடங்கும்படி அமைத்து வைத்தவள் நான். அதனால் நடுவில் நின்ற தடயமே எனக்குத் தெரியவில்லை. பிரிட்ஜ் நின்று புளித்த மாவு காட்டிக்கொடுத்ததையும் நான் கவனிக்கவில்லை. அவன் வருகிற பெட்டி என்று அவர் சொன்ன பிறகு, மெயினைப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போய் அப்டேட்டை மறுபடி தொடங்கினேன்.

நாத்தனார் குடும்பத்தை மட்டும் அருவிக்கு அனுப்பினேன். அண்ணன் வரலையா என்று அவள் கேட்டாள். அவர் அதற்குள் ஒரு நாற்காலியை இழுத்து மீட்டர் பெட்டிக்கு அடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார், அந்தக் காலத்தில் ஸ்டேஷன் வாசலில் பாரா பார்த்த மாதிரி. நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால். காற்றில் ஒருமுறை விளக்கு மினுங்கியது. வெளியே அவர் எழுந்து நின்று பெட்டியை அண்ணாந்து பார்ப்பது ஜன்னலில் தெரிந்தது. காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது எத்தனை சதவீதம் என்று விரலைக் காட்டிக் கேட்டார். ஒருவழியாக முடிந்து, பழைய படமும் பழைய கோப்புகளுமாகத் திரை வந்தபோது நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

ஞாயிறு மதியம் மகன் பெரிய திரையில் வந்தான். மீசை அடர்ந்திருந்தது. இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் எல்லாரும் பேசினோம். பிறகு அங்கே நெட்வொர்க் என்ன ஆனதோ, சத்தம் சுத்தமாக நின்றுபோனது. படம் மட்டும் ஓடியது. நான் ஸ்பீக்கரைத் திருகினேன், வயரை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. அங்கே அது தெரியாமல் அவன் பேசிக்கொண்டே போனான். இவர் சிரித்தார்.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அவர் தோளைத் தட்டி, "என்ன சொல்லுதான்?" என்று கேட்டேன்.

ஒரு நொடி என் உதட்டைப் பார்த்துவிட்டு உடனே திரைக்குத் திரும்பினார்.

"லீவு கெடச்சிட்டாம். அருவில தண்ணி நிக்கதுக்குள்ள வந்துருதேங்கான்."

சத்தம் திரும்பி வரும்வரை நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.