ஆள் நிற்க முடியாத பனி

லீவினுக்கு மனிதர்களை வரைய வராது. அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை. வானம், மரம், வயல், தொலைவில் தெரியும் நீல மலை, இவைதான் அவன் வேலை. ஓக் பலகையில் நிலத்தை முடித்து, எண்ணெய் வண்ணம் காய்ந்ததும் பக்கத்துத் தெருவில் இருக்கும் கோமாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். கோமார் அதில் ஆட்களை வைப்பான்.

“ஊர நீ கட்டு, குடித்தனம் நான் வைக்கிறேன்” என்பான் கோமார். ஆண்ட்வெர்ப் நகரத்தில் பாதி ஓவியப் பட்டறைகள் அப்படித்தான் நடந்தன.

அவர்கள் படங்களில் அதிகம் விலைபோனவை குளிர்காலப் படங்கள். உறைந்த ஆறு, அதன்மேல் சறுக்கி விளையாடும் ஜனங்கள். வியாபாரி யோஸ் எத்தனை கொடுத்தாலும் வாங்கி ஸ்பெயினுக்குக் கப்பலேற்றுவார். இரண்டு வீடுகளும் அந்தப் பனியில்தான் சாப்பிட்டன.

போன குளிர்காலத்தில் லீவினின் ஒரே மகள் டிங்னே, செருப்புக்கு அடியில் மாட்டெலும்பைக் கட்டிக்கொண்டு கோட்டை அகழியில் சறுக்கப் போனாள். பனி தாங்கவில்லை. மறுநாள் பனியைக் கோடாரியால் வெட்டித்தான் அவளை வெளியே எடுத்தார்கள்.

துக்கம் கழிந்து வேலைக்கு உட்கார்ந்தவனிடம் யோஸ் மறுபடி குளிர்காலம் கேட்டார். லீவின் வரைந்தான். வானம் சரியாக வந்தது, மொட்டை மரங்களும் வந்தன. பனி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், கரைக்குக் கரை கறுத்த தண்ணீர் ஓடியது.

கோமார் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னடா இது? இதுல ஒருத்தனக்கூட நிறுத்த முடியாதே.”

“நிறுத்தாத.”

“அப்ப ஆளுங்கள எங்க வைக்கிறது? மரத்து மேலயா, காக்காவுக்குத் துணையா?”

லீவின் சிரிக்கவில்லை. “கரையில வை. தண்ணிப் பக்கம் யாரையும் விடாத.”

கோமாருக்கு அப்போதுதான் உறைத்தது. கரையிலேயே ஆட்களை வைத்தான். யோஸ் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பினார். அடுத்ததும் அதேபோல் வந்தபோது நேரிலேயே வந்துவிட்டார்.

“இந்தா பாரு கோமாரு, வாங்குறவன் சறுக்குற புள்ளைங்களக் கேக்குறான், சாவு வீட்டக் கேக்கல. இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா நிலம் போட வேற ஆளப் பாத்துக்குவேன்.”

அன்று லீவினின் மனைவி டிம்னா கெஞ்சினாள். “மாவு தீந்துபோச்சுங்க. பனியக் கொஞ்சம் கெட்டியாப் போட்டாத்தான் என்ன? வெறும் பலகைதானே அது?”

“போடணும்னுதான் உக்கார்றேன் டிம்னா. கை கேக்க மாட்டேங்குது.”

மூன்றாவது பலகையிலும் தண்ணீர்தான் ஓடியது. அதைக் கொடுக்கும்போது அவன் கோமாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

நண்பனுக்கு வேலை போய்விடக் கூடாது என்று கோமார் தானே ஒரு முடிவெடுத்தான். காய்ந்து இறுகிய அந்தக் கறுப்பின்மேல் வெள்ளையைக் கனமாகப் பூசிப் பனியாக்கினான். அதன்மேல் பிள்ளைகளை ஓடவிட்டான். ஒருவன் மல்லாந்து விழுந்து கிடந்தான். சிவப்புப் பாவாடைக்காரி ஒருத்தி நடுவில் நின்று விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஈரம் காயுமுன் லீவின் வந்துவிட்டான். பலகையைப் பார்த்து அப்படியே நின்றான்.

“கோவிச்சுக்காதடா. மேல பூசிட்டேன். யோஸ் வாங்கிடுவாரு. ரெண்டு வீட்லயும் அடுப்பெரியும்.”

“அடியில தண்ணி இருக்கு கோமாரு.”

“இருந்துட்டுப் போகட்டும். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே.”

லீவின் மேசையில் கிடந்த துணியை எடுத்தான். அந்தச் சிறுமியை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் எண்ணம். ஒரே துடைப்பில் பாவாடை துணியோடு வந்தது. அவள் காலடியில் இருந்த வெள்ளையும் கூடவே வந்தது. அவள் நின்ற இடத்தில் கறுப்பாய்த் தண்ணீர் திறந்துகொண்டது.

அவன் பதறி அடுத்த பிள்ளையிடம் போனான். அங்கும் அப்படியே. கோமார் பாய்ந்து அவன் கையைப் பிடிப்பதற்குள் பனியெங்கும் ஓட்டைகள்.

“விடுடா கோமாரு, இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க” என்று அழுதான் லீவின்.

அதற்குப் பிறகு யோஸ் மெக்கலன் ஊர்க்காரன் ஒருவனிடம் நிலம் போடக் கொடுத்தார். அவன் பனி கெட்டியாக இருந்தது. கோமார் அதில் பிள்ளைகளை வைத்தான், வைக்காமல் அவன் வீட்டில் எப்படி அடுப்பெரியும்? லீவின் ஒரு தச்சனிடம் வெறும் பலகைகளை இழைக்கப் போனான். படம் ஏதாவது கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.